கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நம் கரைக்கு வந்தால்: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக் கேட்பும்

வேதாரண்யம் பக்கத்தில் போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. குடிக்கிற தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வந்தாக வேண்டும். குழாய் உடைந்தாலோ கொள்ளிடம் வறண்டாலோ லாரியை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நிற்கும். இப்படிப்பட்ட ஊரில், “எதிரே கடலே இருக்கிறதே, அதையே குடிநீராக்கிவிட்டால் என்ன?” என்று ஒருவர் கேட்டால் அதில் தவறே கிடையாது. சென்னை அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்தன. நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள்.

நாளைக்கு அப்படி ஒன்று நம் காவிரி டெல்டாக் கரையில், பழையாறுக்கும் கோடியக்கரைக்கும் இடையில் எங்காவது வருவதாக வைத்துக்கொள்வோம். வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சியாகப் பிரிவதற்கு முன்னால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆலை கடலுக்கும் கரைக்கும் என்ன செய்யும் என்பதை யார் ஆராய்கிறார்கள், அந்த ஆராய்ச்சியில் நம் வாய்ச்சொல் எந்த இடத்தில் நுழைய முடியும் என்பதுதான் அது. இதற்குச் சட்டத்தில் ஒரு வழிமுறை இருக்கிறது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்ட ஊர் கேட்கிற கேள்விக்கும், தெரியாமல் கூட்டத்துக்குப் போகிற ஊர் கேட்கிற கேள்விக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

முதலில் ஆலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். வீட்டில் ஆர்ஓ இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: ஒரு குழாயில் நல்ல தண்ணீர் வரும், இன்னொரு குழாயில் கழிவுத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். கடல்நீர் ஆலையும் அதே தொழில்நுட்பம்தான், அளவுதான் பிரம்மாண்டம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீரை 55 முதல் 70 மடங்கு காற்றழுத்தத்தில் நுண்ணிய சவ்வுகள் வழியே தள்ளுகிறார்கள். நூறு லிட்டர் கடல்நீர் உள்ளே போனால் சுமார் 40 லிட்டர் நல்ல நீராக வரும். மீதி 60 லிட்டரில் மொத்த உப்பும் சேர்ந்துவிடும். அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 58 கிராம்.

கணக்கைக் கொஞ்சம் நம் ஊர் அளவுக்குக் கொண்டுவருவோம். நாளொன்றுக்கு 2 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை என்றால் சென்னை ஆலைகளுக்கு முன் அது சின்ன ஆலைதான். அதுவே தினமும் 5 கோடி லிட்டர் கடல்நீரை உறிஞ்ச வேண்டும், 3 கோடி லிட்டர் அடர் உப்புநீரைக் கடலுக்கே திருப்பி விட வேண்டும். ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு 3 முதல் 4 யூனிட் வரை மின்சாரம் வேண்டும். நாளொன்றுக்கு 60,000 முதல் 80,000 யூனிட்.

சிக்கல்கள் வருவது இந்த உறிஞ்சுகிற இடத்திலும் திருப்பி விடுகிற இடத்திலும்தான். உறிஞ்சும் குழாயின் வாயில் கம்பி வலை இருக்கும். தண்ணீர் வேகமாக இழுக்கப்பட்டால் மீன்கள் அந்த வலையில் ஒட்டிக்கொண்டு மீள முடியாமல் சாகும். வலைக்கண்ணைவிடச் சிறிய மீன் முட்டை, இறால் குஞ்சு, நண்டின் இளம்பருவம் எல்லாம் உள்ளே போய்விடும். உள்ளே போனது பிழைக்காது. இழுக்கும் வேகத்தை நொடிக்கு 15 சென்டிமீட்டருக்குள் வைத்தால் பெரும்பாலான மீன்கள் நீந்தித் தப்பிவிடும் என்பது உலக அளவில் கடைப்பிடிக்கப்படும் ஒரு வரம்பு. ஆனால் நீந்தத் தெரியாத முட்டைக்கும் குஞ்சுக்கும் அந்த வரம்பால் பயனில்லை.

திருப்பி விடும் உப்புநீர் கடல்நீரைவிடக் கனமானது. மேலே மிதந்து கலையாமல் அடியில் படிந்து தரையோடு பரவும். நண்டும் சிப்பியும் கடற்புல்லும் வாழ்வது அந்தத் தரையில்தான். அந்த நீரோடு சவ்வில் உப்புப் படியாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து, பாசியைக் கொல்லப் போடும் குளோரின், கலங்கலைத் தெளியவைக்கப் போடும் இரும்பு உப்பு ஆகியவற்றின் மிச்சமும் போகும். குளோரினைச் சவ்வுக்கு முன்பே முறிக்கத்தான் செய்வார்கள், ஒழுங்காக முறிக்கிறார்களா என்பதை யாராவது கண்காணிக்க வேண்டும். குழாயின் முனையில் பல சிறு துளைகள் வைத்து வேகமாகப் பீய்ச்சினால் உப்பு விரைவில் கலந்துவிடும். நல்ல இடத்தில், நல்ல ஆழத்தில், நல்ல நீரோட்டத்தில் இதைச் செய்தால் பாதிப்பு குழாயைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் அடங்கும். மோசமான இடத்தில் அடங்காது. ஆகவே கடல்நீர் ஆலை என்றாலே நஞ்சு என்று சொல்ல மாட்டேன். பாதிப்பே இருக்காது என்று சொல்பவரையும் நம்ப மாட்டேன். இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, இடத்தை ஆராயும் வேலைக்குத்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பெயர்.

மதிப்பீடு எப்படி நடக்கும்?

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எந்தெந்தத் தொழில்களுக்கு முன் அனுமதி வேண்டும், அதை எப்படிப் பெறுவது என்று அதில் இருக்கிறது. நான்கு படிகள். திட்டம் எந்த வகை என்று பிரிப்பது, எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று வல்லுநர் குழு எழுதிக் கொடுப்பது, மக்கள் கருத்துக் கேட்பு, கடைசியாக எல்லாவற்றையும் வைத்துக் குழு பரிசீலிப்பது.

அறிக்கையைத் தயாரிப்பது அரசு இல்லை, இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே அங்கீகாரம் பெற்ற ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி, காசு கொடுத்து எழுத வைக்கிறது. யார் கூலி கொடுக்கிறார்களோ அவர்களுக்கு எதிராக எழுதுவது யாருக்கும் கஷ்டம். எழுதுகிறவர்கள் எல்லோரும் பொய் எழுதுகிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அவர்கள் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்க வேறு ஆள் வேண்டும். அந்த ஆள் கரையில்தான் இருக்கிறார்.

அறிக்கைக்கு ஒரு வரிசை உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் இப்போதைய சூழலின் நிலை, நான்கில் எதிர்பார்க்கும் பாதிப்பும் அதைக் குறைக்கும் வழியும், ஐந்தில் மாற்று இடங்களும் மாற்றுத் தொழில்நுட்பமும், பத்தில் மேலாண்மைத் திட்டம் என்று போகும். தலையணை கனத்துக்கு இருக்கும் இதை முழுக்கப் படிக்க எல்லோருக்கும் நேரமில்லை. பத்துப் பக்கத்துக்கு மிகாத சுருக்கம் ஒன்று தமிழிலும் தர வேண்டும் என்பது விதி. சுருக்கத்தோடு நிறுத்தாமல் மூன்றாம் அத்தியாயத்தையும் ஐந்தாம் அத்தியாயத்தையும் மட்டுமாவது விவரம் தெரிந்த ஒருவரை வைத்துப் படியுங்கள் என்பேன். நம் ஊரைப் பற்றி எழுதியிருப்பது சரியா என்று மூன்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேறு வழி இருக்கிறதா என்று உண்மையிலேயே யோசித்தார்களா என்பது ஐந்தில் தெரியும்.

டெல்டாவில் மூன்றாம் அத்தியாயம் ஏன் இவ்வளவு முக்கியம்?

விதிப்படி மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் அளந்த விவரமே பொதுவாகப் போதும். நம் கடலை ஒரே பருவத்தில் அளந்தால் பாதிக் கடலைத்தான் அளந்தோம் என்று அர்த்தம். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கொள்ளிடமும் காவிரியின் கிளைகளும் வடிகால் ஆறுகளும் சேர்ந்து நன்னீரைக் கடலுக்குள் தள்ளும். கரையோரக் கடலே கலங்கி, உப்பு குறைந்து கிடக்கும். மேட்டூர் நிரம்பி உபரி திறந்துவிட்டால் ஆடி ஆவணியிலேயே கொள்ளிடத்தில் வெள்ளம் வந்துவிடும். அப்படி உப்பு குறையும் காலத்தையும் கழிமுகத்தையும் நம்பி இறால், மடவை போன்றவை வளர்கின்றன. மார்ச்சிலோ ஏப்ரலிலோ வந்து தண்ணீரை மொண்டு பார்த்துவிட்டுப் போனவருக்கு இது எதுவும் கண்ணில் படாது.

நீரோட்டமும் அப்படித்தான். வாடைக் காலத்தில் கரையோர நீரோட்டம் பெரும்பாலும் தெற்கு நோக்கிப் போகும், தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கி. தரங்கம்பாடிக்கு அருகில் வெளியேறும் உப்புநீர் ஒரு பருவத்தில் பூம்புகார்ப் பக்கம் நகரும், இன்னொரு பருவத்தில் காரைக்கால் பக்கம் நகரும். உப்புநீர் எப்படிப் பரவும் என்று காட்ட அறிக்கையில் இருக்கும் கணினி மாதிரி (மாடல்) எந்த மாதத்து நீரோட்டத்தை வைத்துக் கணக்கிட்டது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நடுவில் காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதும் ஒரு சிக்கல். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பது ஆலை அமையும் மாவட்டத்தில். தண்ணீருக்கு மாவட்ட எல்லையும் தெரியாது, மாநில எல்லையும் தெரியாது. அந்தப் பக்கத்து மீனவர்கள் எழுத்து மூலம் கருத்து அனுப்ப உரிமை உண்டு, ஆனால் யாராவது சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்.

மீன்பிடிக் கணக்கிலும் கவனம் வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும் மே மாதத்தில் ஒருவர் வந்து மீன் வரத்தை எழுதினால் இந்தக் கரையில் மீனே இல்லை என்றுதான் எழுதுவார். குழாய் பதிக்கும் வேலையை எந்த மாதத்தில் செய்யப் போகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட நம் மணலுக்கு ஏறி வருகின்றன. அந்த மாதங்களில் இரவெல்லாம் விளக்குப் போட்டு மணலைத் தோண்டினால் ஆமை திரும்பிப் போய்விடும்.

கோடியக்கரைக்கு அந்தப் பக்கம் போனால் கதை இன்னும் வேறு. பாக் நீரிணை ஆழம் குறைந்தது, அலையும் குறைவு, கடற்புல் நிறைந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடற்பசுவுக்கு உணவே கடற்புல்தான். வங்காள விரிகுடாவின் திறந்த கரையில் கலந்து கரையும் உப்பு, இங்கே அப்படியே தங்கக்கூடும். கோடியக்கரைச் சரணாலயம் 2002 முதல் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சர் ஈரநிலம். ஆகவே நெம்மேலியில் நடந்துவிட்டதே, இங்கேயும் நடக்கட்டும் என்று ஒரு ஊர் அறிக்கையை இன்னொரு ஊருக்கு எடுத்துப் போட முடியாது. சொல்லப்போனால் நெம்மேலியிலேயே எல்லாம் சுமுகமாக இல்லை. ஆலை வந்த பிறகு கரை அரிப்பதாகவும் மீன் குறைந்ததாகவும் அங்குள்ள மீனவர்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள்.

கடலில் நேராக உறிஞ்சாமல், கரை மணலில் கிணறு தோண்டி ஊறிவரும் நீரை எடுக்கும் முறையும் இருக்கிறது. மீன் குஞ்சு சாகாது என்பதால் உலகம் முழுக்க இதற்கு நல்ல பெயர். ஆனால் நம் கரையில் இதையும் யோசித்துத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். வேதாரண்யம் கரையோர மணல்மேடுகளுக்கு அடியில் மழைநீர் மெல்லிய நல்லநீர்ப் படலமாகத் தங்கியிருக்கிறது. கை ஊற்றுகள் அதைத்தான் தருகின்றன. பெரிய மோட்டாரை அதன் பக்கத்தில் வைத்து இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். குடிநீர் ஆலைக்காக ஊரின் குடிநீர் ஊற்றே உப்பாகிப்போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

விவசாயிகள் இதை மீனவர் பிரச்சினை என்று ஒதுங்கிவிடுவதைப் பார்க்கிறேன். அது சரியில்லை. ஆலை கரையில் இருந்தாலும் குடிநீர்க் குழாய் வயல் வழியே, வாய்க்கால் வழியே ஊருக்குள் வரும். வாய்க்கால் குறுக்கே குழாய் எப்படிப் போகிறது, மழைக்காலத்தில் வடிகால் அடைபடுமா என்பது கடைமடை விவசாயிக்கு உயிர்ப் பிரச்சினை. உப்புநீர்க் குழாய் நிலத்தில் கொஞ்ச தூரம் போகிறது என்றால் அது கசிந்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. முழுக்க மின்சாரத்தை நம்பியிருக்கும் ஆலை அந்த வாரங்களில் எப்படித் தண்ணீர் தரும் என்பது அறிக்கையின் ஆபத்து மதிப்பீட்டில் இருந்தே ஆக வேண்டிய கேள்வி.

கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமா?

இங்கேதான் பலரும் அறியாத ஒரு விஷயம். 2006 அறிவிக்கையின் பட்டியலில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தனியாக இடம்பெறவில்லை. அனல்மின் நிலையத்தின் அல்லது வேறு பெரிய திட்டத்தின் பகுதியாக வந்தால் அந்தத் திட்டத்துக்கு நடக்கும் மதிப்பீட்டில் இதுவும் சேரும். தனி ஆலையாக வந்தால் அதற்கு வேண்டியது கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி. 2011-இல் வந்த அந்த அறிவிக்கையும் 2019 ஜனவரி 18 அன்று வந்த புதிய அறிவிக்கையும் இத்தகைய ஆலையைக் கரையில் அனுமதிக்கின்றன. கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரைக்கும், கடலுக்குள்ளும் இந்த விதி செல்லும். இதற்கும் கடல், நிலம் இரண்டையும் ஆராய்ந்த விரைவு மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும், 1:4000 அளவில் வரைபடம் தர வேண்டும். மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்க வேண்டும். குழாய்கள் அலைவாய்ப் பகுதியிலும் கடலிலும் கிடப்பதால் முடிவு மத்திய அமைச்சகத்திடம் போகும்.

இந்த வழியில் மக்கள் கூட்டம் கட்டாயம் என்று எழுதப்படவில்லை. ஒரு ஊரின் கடலில் தினமும் கோடிக்கணக்கான லிட்டர் உப்புநீரை விடப்போகும் திட்டத்துக்கு அந்த ஊரைக் கேட்கத் தேவையில்லை என்பது பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். டெல்டாவுக்கு இந்த வலி புதிதில்லை. 2020 ஜனவரி 16 அன்று எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று அறிவிக்கையைத் திருத்தினார்கள். டெல்டா முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயு எடுப்பையும் உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றையும் தடுக்கிறது. கடல்நீர் ஆலை அந்தத் தடைப்பட்டியலில் இல்லை. ஆகவே வேளாண் மண்டலம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் கேட்க வழி இருக்கிறது. ஜப்பான் நிதி அமைப்பான ஜைகா, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற இடங்களில் கடன் வாங்கிச் செய்யும் திட்டமென்றால் பாதிக்கப்படும் மக்களோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அவர்களின் சொந்த விதி. எனவே காசு எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், இந்தப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் ஏது. கூட்டம் நடத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டு ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கடலோர மண்டல ஆணையத்துக்கும் அனுப்பலாம். தீர்மானத்தால் மட்டுமே திட்டம் நின்றுவிடாது. ஆனால் பின்னால் யாரும் “ஊரில் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை” என்று எழுத முடியாது.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

கூட்டம் நடக்கிறது என்றால், 2006 விதிகளின்படி இப்படிப் போகும். குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். 2020-இல் வந்த புதிய வரைவு இதை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. அந்த வரைவையே மாநில மொழிகளில் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூனில் உத்தரவிட்டது. வரைவு இறுதியாகவில்லை. ஆகவே 30 நாள்தான். அந்த 30 நாளும் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் ஆகிய இடங்களில் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்க வேண்டும்.

மீனவக் கிராமங்களில் முடிவெடுப்பது வழிவழியாக வரும் ஊர்ப் பஞ்சாயத்தார். அரசு அறிக்கை வந்து சேருவது ஊராட்சி அலுவலகத்துக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் காகிதம் தங்கிவிடும், கவனமாக இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் பெரும்பாலும் பெண்களுக்கு இடமில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கருவாடு காயவைக்கும் மணலும் மீன் விற்கப் போகும் பாதையும் ஆலைச் சுவருக்குப் பின்னால் போய்விடுமா என்பது அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். அவர்களை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை வகிப்பார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். முதலில் நிறுவனத்தார் திட்டத்தை விளக்குவார்கள். பிறகு வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தர வேண்டும். முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு எதுவும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் பதிவாகும். எனவே புறக்கணிப்பதால் கூட்டம் நிற்காது, நம் கேள்வி மட்டும்தான் நின்றுபோகும்.

கை தூக்கி ஓட்டெடுப்பும் கிடையாது. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதைவிட என்ன கேட்டார்கள் என்பதுதான் வல்லுநர் குழுவின் மேசைக்குப் போகிறது. “எங்க கடல் நாசமாப் போயிரும் ஐயா” என்று ஒருவர் வயிறெரிந்து சொல்கிறார் என்று வையுங்கள். அது உண்மையான வேதனை. ஆனால் குறிப்பில் அது ‘மீனவர்கள் அச்சம் தெரிவித்தனர்’ என்று ஒரு வரியாகும். அதற்குப் பதிலாக ‘பெரிய பாதிப்பு இருக்காது’ என்று இன்னொரு வரி வரும். விஷயம் முடிந்துவிடும்.

அதே ஆள் இப்படிக் கேட்டால்? “ஐயா, ஐப்பசி கார்த்திகையில இங்க நீரோட்டம் தெக்கால போகும். நீங்க அளந்தது மார்ச் மாசம்னு அறிக்கையில போட்டிருக்கு. ஐப்பசியில அளந்தீங்களா? அளக்கலன்னா உப்புத்தண்ணி எவ்வளவு தூரம் போகும்னு எப்படிச் சொன்னீங்க? குழாய் முனையிலேர்ந்து எத்தனை மீட்டர்ல உப்பு பழைய அளவுக்கு வரும்?” இதை ஒரு வரியில் தள்ள முடியாது. எழுப்பப்பட்ட ஒவ்வொரு பிரச்சினைக்கும் நிறுவனம் பதில் சொல்லி, இறுதி அறிக்கையில் அதற்கேற்ற மாற்றம் செய்ய வேண்டும் என்பது விதி. மாதம், இடம், அளவு மூன்றும் இருக்கும் கேள்விதான் பின்னால் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனையாக மாறும். இரு பருவத்திலும் அளக்க வேண்டும், இழுக்கும் வேகம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும், ஆமைக் காலத்தில் வேலை கூடாது என்றெல்லாம் நிபந்தனை வருவது அப்படித்தான்.

கூட்டத்தின் கடைசி அரைமணி நேரம்தான் எனக்கு எப்போதும் கவலை தரும் நேரம். பேசிய களைப்பில், பஸ் பிடிக்கும் அவசரத்தில் ஆட்கள் எழுந்து போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில்தான் நடவடிக்கைக் குறிப்பு தமிழில் வாசிக்கப்படும். பந்தலில் பாதி நாற்காலி காலியாக இருக்கும், மைக் இரையும், வாசிப்பவர் வேகமாக ஓட்டுவார். நீங்கள் கேட்ட கேள்வி அதில் இருக்கிறதா, நீங்கள் கேட்டபடியே இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டிய நேரம் அது. விட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்கச் சொல்லலாம். ஏனென்றால் அந்தக் குறிப்பில் அன்றைக்கே கையெழுத்தாகிறது. ஊருக்கு ஊர் நாலைந்து பேராவது இதற்கென்றே கடைசி வரை இருக்க வேண்டும். கேள்விகளை எழுதி, இரண்டு படி எடுத்து, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. பேச முடியாதவர்கள், வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் எழுத்து மூலமே கருத்துத் தரலாம்.

அனுமதி கிடைத்த பிறகு

அனுமதி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு 30 நாளுக்குள் போகலாம். தகுந்த காரணம் சொன்னால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கும். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. நாள் தவறினால் கதவு மூடிவிடும் என்பதால் அனுமதி எப்போது வந்தது என்பதைத் தெரிந்துகொள்வதே பாதி வேலை. அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கலாம். கிடைக்காத ஆவணத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆலை ஓடத் தொடங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான அறிக்கையை நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம். அதில் வெளியேற்றும் குழாயைச் சுற்றி எத்தனை இடத்தில் உப்பு அளந்தார்கள், எந்தத் தேதியில் அளந்தார்கள், ஆலை முழுவீச்சில் ஓடிய நாளா நின்றிருந்த நாளா என்ற மூன்றையும் பாருங்கள். தேதியே இல்லாமல் ‘வரம்புக்குள் உள்ளது’ என்று மட்டும் இருந்தால், அளந்த அட்டவணையைக் கேட்டு வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். கூட்டத்தில் நாம் கேட்டுப் பதிவான கேள்வியின் நகலையும் அதோடு இணைத்து அனுப்ப வேண்டும்.